ஆறு நாடுகள் வேண்டாம், ஓர் ஆறு போதும்

போர்ச்சுகல் நாட்டின் டோரு பள்ளத்தாக்கைப் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். மலைச்சரிவெல்லாம் திராட்சை, நடுவே ஆறு, ஆற்றை ஒட்டி ரயில் என்று. அதைப் பிடித்துக்கொண்டு தாராபுரம் முதல் தொண்டாமுத்தூர் வரை கடிதங்கள் வந்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திய காலத்திலிருந்தே என் மனதில் இருந்த நிலம் அது. ஓய்வு பெற்ற பிறகு நானும் வீட்டுக்காரரும் போய்த் தங்கியும் வந்தோம். அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: என் கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களை ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்று மகனுக்கு ஆசை. டிராவல்ஸ்காரர் 12 நாளில் ஆறு நாடு என்கிறார். கேட்கும்போதே களைப்பாக இருக்கிறது. ஒரே கிராமத்தில் போய் இருந்துவிட்டு வர முடியுமா? அதற்காக இவ்வளவு செலவு செய்வது தகுமா? (வாசகி, தாராபுரம்)

தாராளமாக முடியும், செலவும் தகும். ஆறு நாட்டுத் திட்டத்தை இன்றே கைவிடச் சொல்லுங்கள். அதில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது நெடுஞ்சாலையும் ஓட்டல் வரவேற்பறையும்தான். ஆறு மணிக்குப் பெட்டியைக் கட்டு, ஏழு மணிக்குப் பஸ் ஏறு என்று 12 நாளும் ஓடினால், ஊருக்கு வந்து படங்களைப் பார்க்கும்போது எது எந்த ஊர் என்றே தெரியாது.

போர்ட்டோ நகரில் இரண்டு இரவு தங்கிப் பயண அலுப்பைப் போக்கிக்கொள்ளுங்கள். பிறகு ரயிலில் பின்யாவ் என்ற சிற்றூர். அங்கேயோ அதைச் சுற்றியுள்ள சரிவிலோ ஏதாவது ஒரு கின்டாவில் ஏழு இரவு. திராட்சைத் தோட்டமும் அதற்குள்ளேயே வீடும் களஞ்சியமும் சேர்ந்ததைக் கின்டா என்கிறார்கள். பல கின்டாக்களில் விருந்தினருக்கென்று சில அறைகள் வைத்திருக்கிறார்கள். மிச்சமுள்ள நாட்களில் ஆற்றின் மேல்புறம் ஓர் ஊர், அவ்வளவுதான்.

ஏழு இரவும் ஒரே இடத்தில் என்றால் சலித்துவிடாதா என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். பின்யாவ் ரயில் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுவர்களில் நீலமும் வெள்ளையுமாக ஓவிய ஓடுகள், 1937-இல் பதித்தவை. வந்து இறங்கும் நாளில் அழகாக இருக்கிறதே என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவீர்கள். நான்காம் நாள் ரயிலுக்குக் காத்திருக்கும்போது ஒவ்வோர் ஓவியமாக நின்று பார்ப்பீர்கள். குனிந்து குலை அறுக்கும் பெண்கள், முதுகில் கூடை சுமந்து சரிவில் இறங்கும் ஆண்கள், பீப்பாய் ஏற்றிய நீண்ட படகு. அந்தப் படகுக்கு ரபேலோ என்று பெயர். அறுவடை முடிந்து, குளிர்காலமும் கழிந்த பிறகு, பீப்பாய்களை அதில் ஏற்றிப் போர்ட்டோவுக்கு எதிர்க்கரையான காயாவுக்குக் கொண்டுபோவார்கள். அப்போது டோரு பாறையும் சுழலுமாக இருந்த ஆறு. படகோட்டிகள் பலர் அதில் மாண்டிருக்கிறார்கள். 1970-களில் ஒன்றன்பின் ஒன்றாக அணைகள் எழுந்த பிறகுதான் இப்போது நீங்கள் பார்க்கப்போகும் அமைதியான நீர் வந்தது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு மாலையில் ஆற்றங்கரைக்குப் போனால் முதல் நாள் பார்த்த ஆறா இது என்று தோன்றும். அந்த நேரத்தைத்தான் உங்கள் மகனுடைய பணம் வாங்கித் தருகிறது. அதில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: ஒயின் ஊர் என்றால் பிரான்சும் இத்தாலியின் டஸ்கனியும்தான் எல்லோருக்கும் தெரியும். டோருவுக்கு மட்டும் என்ன விசேஷம்? எந்த மாதம் போகலாம்? (வாசகர், ஈரோடு)

டஸ்கனி அழகுதான். ஆனால் அங்கே தோட்டங்களுக்கு நடுவே தங்கினால் கார் இல்லாமல் நகர முடியாது. டோருவில் ரயில் உங்களைத் திராட்சைக்கு நடுவிலேயே இறக்கிவிடுகிறது. வயதானவர்களுக்கும் வண்டி ஓட்டாதவர்களுக்கும் நான் இதைச் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம், நம்மவர்களுக்கு அந்த நிலம் உடனே புரியும். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்து நம்மை மழைமறைவில் வைத்திருக்கிறது. அங்கே அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் மழை மேகங்களை மராவ் மலைத்தொடர் மறிக்கிறது. கடலோரம் பச்சைப்பசேல் என்று இருக்க, மலையைத் தாண்டியதும் நிலம் வறள்கிறது. கிழக்கே ஸ்பெயின் எல்லையை நெருங்க நெருங்க மழை இன்னும் குறைகிறது. அந்த வறட்சியில் பாறையை உடைத்து மண்ணாக்கி உண்டாக்கிய வெள்ளாமை அது. 1756-இலேயே, அந்நாட்டு அரசை நடத்திய அமைச்சர் பொம்பால் பிரபு ஆணையிட்டு, எந்த நிலத்துத் திராட்சையிலிருந்து போர்ட் என்ற இனிப்பு ஒயின் செய்யலாம் என்று வரையறுத்துக் கருங்கல் எல்லைக்கற்கள் நட்டார்கள். அந்தக் கற்களில் சில இன்றும் நிற்கின்றன. 2001-இல் யுனெஸ்கோ இந்த நிலத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மே மாதமும் ஜூன் தொடக்கமும் நடப்பதற்கு ஏற்றவை. அறுவடை பார்க்க வேண்டுமானால் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை. ஜூலையும் ஆகஸ்டும் வேண்டவே வேண்டாம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அந்தக் கற்பாறை இரவிலும் சூட்டைக் கக்கும். ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்கிறார்கள்.

கேள்வி: மூன்று ஏக்கரில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறேன். குடிக்கிற பழக்கம் இல்லை. ஒயின் ஊருக்குப் போனால் எனக்குப் பார்க்க என்ன இருக்கப்போகிறது? (வாசகர், தொண்டாமுத்தூர்)

எல்லோரையும்விட நீங்கள்தான் போக வேண்டும். குடிக்காதவர்களை யாரும் வற்புறுத்த மாட்டார்கள். உங்களுக்குக் காட்டுவதற்கு அவர்களிடம் நிறைய இருக்கிறது, கேட்பதற்கு உங்களிடமும் இருக்கிறது.

முதலில் கண்ணில் படுவது பந்தல் இல்லாத திராட்சை. கொடிகள் தாழ்வாக, கம்பியில் வரிசையாக நிற்கும். நம் ஊரில் கவாத்து செய்து ஆண்டுக்கு இரண்டு முறைக்குக் குறையாமல் பழம் எடுக்கிறோம். அங்கே குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும், ஆண்டுக்கு ஒரே அறுவடை. பழைய தோட்டங்களில் பாசனம் கிடையாது, மழைதான். அது எப்படி நடக்கிறது என்பதற்கு விடை மண்ணில் இருக்கிறது. அங்குள்ள பாறை, தகடு தகடாகப் பிளக்கும் ஷிஸ்ட். பல இடங்களில் அந்தத் தகடுகள் செங்குத்தாக நிற்பதால் மழைநீர் இடுக்கு வழியே கீழே இறங்குகிறது, வேரும் அதன் பின்னால் பல மீட்டர் ஆழம் இறங்கிவிடுகிறது. கையில் ஒரு துண்டை எடுத்து நகத்தால் நெம்பிப் பாருங்கள், ஏடு ஏடாக வரும்.

அடுத்து, சுவர்களைப் பாருங்கள். நான் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நின்றது அவற்றைத்தான். சுண்ணாம்பும் இல்லை, சிமெண்டும் இல்லை. தோண்டும்போது வந்த பாறைத் தகடுகளையே ஒன்றன்மேல் ஒன்றாக, சற்றே உள்வாங்கிச் சாய்த்து அடுக்கியிருக்கிறார்கள். ஒரு படித்தளத்திலிருந்து அடுத்ததற்கு ஏறுவதற்குச் சில தகடுகளை மட்டும் நீட்டி வைத்து, சுவரிலேயே படி அமைத்திருக்கிறார்கள். கால் வைத்தால் அசைவதில்லை. இன்னும் பழைய சுவர்களில் வரிசையாகச் சதுர ஓட்டைகள் தெரியும். அவற்றுக்குள்தான் ஒரு காலத்தில் திராட்சைக் கொடி நட்டார்கள். கொடி சுவரிலிருந்து வெளியே வளரும், மேலே சமதளத்தில் தானியம் விதைத்துக்கொள்ளலாம். ஒரு சாண் மண்ணையும் வீணாக்காத மனிதர்கள் செய்த வேலை. 1970-களுக்குப் பிறகு எந்திரத்தால் வெட்டிய, சுவர் இல்லாத மண் படிகளும் வந்துவிட்டன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

சில சரிவுகளில் சுவர் மட்டும் இருக்கும், கொடி இருக்காது. புதரும் ஆலிவ் மரமும் மண்டிக் கிடக்கும். 1860-களில் ஃபில்லாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்து, தோட்டம் தோட்டமாகக் காலி செய்தது. அப்போது கைவிட்டவை பிறகு உயிர்பெறவே இல்லை. மீண்டவர்கள் எப்படி மீண்டார்கள் என்பது உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும். அந்தப் பூச்சியைத் தாங்கி வளரும் அமெரிக்க வேர்ச்செடியில் தங்கள் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். இன்று நம் நாட்டில் உப்புக்கும் வறட்சிக்கும் தாங்கும் என்று டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுகிறோமே, அதுவும் அமெரிக்கக் காட்டுத் திராட்சை வழி வந்ததுதான்.

அங்கே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் மதிப்பெண் உண்டு என்பது தெரியுமா? உயரம், சரிவு, மண், வெயில் படும் திசை, கொடியின் வயது என்று பலவற்றையும் கூட்டி ஏ முதல் எஃப் வரை எழுத்து கொடுக்கிறார்கள். ஓர் ஆண்டில் எவ்வளவு சாற்றைப் போர்ட் ஒயினாக மாற்றலாம் என்பதை அந்த எழுத்து தீர்மானிக்கிறது. போர்ட் ஒயினில் புளிப்பேறுவதைப் பாதியில் நிறுத்த 77 சதவீத வீரியமுள்ள திராட்சைச் சாராயத்தைச் சேர்க்கிறார்கள். அதனால்தான் பழத்தின் இனிப்பு அதில் தங்கிவிடுகிறது. செப்டம்பரில் போனால் சில கின்டாக்களில் இரவு நேரத்தில் கருங்கல் தொட்டியில் இறங்கிப் பழத்தை மிதிப்பதைப் பார்க்கலாம். முதலில் தோளோடு தோள் கோத்து, வரிசையாக, அடி பிசகாமல் மிதிப்பார்கள். பிறகு இசை தொடங்கும், தொட்டிக்குள்ளேயே ஆட்டம்.

ஃபவாயோஸ் என்ற ஊருக்கு அவசியம் போய் வாருங்கள். ஆற்றிலிருந்து மேலேறி, சுமார் 600 மீட்டர் உயரத்தில் மேட்டுநிலத்தில் இருக்கிறது. அங்கே விளைவது மொஸ்கட்டெல் என்ற திராட்சை. நம் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் இனம், இரண்டும் ஒரே குடும்பம். பழத்தை வாயில் போட்டதும் அந்த வாசனையை நீங்கள் அடையாளம் கண்டுவிடுவீர்கள். அதே ஊரில் விறகடுப்பில் சுடும் நான்கு மூலை ரொட்டிக்கும் பெயர் உண்டு. சூடாக வாங்கிப் பிய்த்துச் சாப்பிடுங்கள், தொட்டுக்கொள்ள எதுவும் தேவைப்படாது.

அறை பதிவு செய்யும்போதே நீங்கள் திராட்சை விவசாயி என்று எழுதிவிடுங்கள். பெரிய நிறுவனங்களின் தோட்டத்தைவிட, உரிமையாளரே குடியிருக்கும் சிறிய கின்டா உங்களுக்கு நல்லது. சுவை பார்க்கும் அறைக்கு முன்னால் உங்களைக் கொடிக்கு அழைத்துப் போவார்கள்.

கேள்வி: என் அப்பாருக்கு 74 வயது, ஆத்தாவுக்கு 69. ஆத்தாவுக்கு முழங்கால் வலி உண்டு. மெதுவாகப் போய் வர ஆசைப்படுகிறார்கள், நானும் உடன் போகிறேன். ரயில் பயணம் ஒத்துவருமா? (வாசகி, காங்கேயம்)

ஒத்துவரும், அப்பாருக்கு ஜன்னலோரம் கொடுத்துவிடுங்கள். போர்ட்டோவிலிருந்து பின்யாவுக்குச் சுமார் இரண்டரை மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் சாதாரணக் காட்சிதான், பிறகு தண்டவாளம் ஆற்றங்கரைக்கு இறங்கிவிடும். போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள், ஆறு அந்தப் பக்கம். மேலும் கிழக்கே கடைசி நிலையமான பொசின்யுவரை போனால், வழியில் ரயில் பாலம் கடந்து மறுகரைக்குப் போகும், அப்போது ஆறு இடப்பக்கம் வந்துவிடும். சாதாரண ரயில்களில் இருக்கை எண் கிடையாது. ஆகவே போர்ட்டோவில் சற்று முன்னதாகவே நடைமேடைக்குப் போய்விடுங்கள். 65 வயதானவர்களுக்குப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் பாதிக் கட்டணம், ஆத்தாவுக்கும் அது கிடைக்கும். சில பெட்டிகளில் படி உயரமாக இருக்கும், நீங்கள் முதலில் ஏறிக் கை கொடுங்கள்.

போர்ட்டோவின் சாவ் பென்டு நிலையத்தில் சுமார் 20,000 ஓடுகளில் வரலாற்று ஓவியங்கள் இருக்கின்றன. அதைப் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

பின்யாவுக்கு முன்னால் ரயில் நிற்கும் ரேகுவா ஊரிலிருந்து லமேகோ என்ற ஊர் பக்கம்தான். அங்கே குன்றின்மேல் மாதா கோயில், 686 படிகள். ஆத்தாவை ஏற விட்டுவிடாதீர்கள். உச்சிவரை சாலை இருக்கிறது. டாக்சியில் மேலே போய்ப் பார்த்துவிட்டு, முடிந்தால் முதல் சில படிக்கட்டுத் தளங்கள் மட்டும் இறங்கித் திரும்பட்டும். தங்கும் வீட்டைப் பதிவு செய்யும்போது இரண்டு கேள்விகளை மறக்காமல் கேளுங்கள்: ரயில் நிலையத்துக்கு வந்து அழைத்துப் போவீர்களா, அறைக்குப் படி ஏற வேண்டுமா. மலைச்சரிவு வீடுகளில் படி இல்லாதது அபூர்வம்.

கேள்வி: நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாத சைவக் குடும்பம். பட்டினி கிடக்க வேண்டுமா? (வாசகி, கோபிச்செட்டிபாளையம்)

சமையலறை உள்ள வீடாகப் பாருங்கள், கவலை பாதியாகக் குறைந்துவிடும். அந்த நாட்டில் கிடைக்கும் கரோலினோ அரிசி குழைவாக வேகும். நம் அரிசிம்பருப்பு சாதத்துக்கு அது அருமையாகப் பொருந்துகிறது. வெங்காயமும் தக்காளியும் பூண்டும் எந்தக் கடையிலும் உண்டு. துவரம்பருப்பும் மிளகாய்த்தூளும் சீரகமும் ஊரிலிருந்து எடுத்துப் போங்கள். நெய், பால்கோவா போன்ற பால் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். அங்கே ஆலிவ் எண்ணெய் கொட்டிக் கிடக்கிறது, அதிலேயே தாளியுங்கள்.

வெளியில் சாப்பிடும்போது சூப்பில் கவனம் தேவை. கால்டு வெர்டே என்ற கீரைச் சூப் பார்ப்பதற்குச் சைவமாகத்தான் இருக்கும், மேலே பன்றி இறைச்சித் துண்டு ஒன்று மிதக்கும். கொதிக்க வைத்த சாறும் இறைச்சியாக இருக்கலாம். "ஸெம் கார்னெ, ஸெம் பெய்ஷெ, ஸெம் ஓவு" என்று சொல்லுங்கள். இறைச்சி, மீன், முட்டை மூன்றும் இல்லாமல் என்று பொருள். புகழ்பெற்ற பாஸ்டெல் டி நாட்டா இனிப்பில் முட்டை மஞ்சள் கரு உண்டு. உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டியும் ஆலிவ் காய்களும் வைப்பார்கள். அவை இலவசம் கிடையாது. வேண்டாம் என்றால் எடுத்துப் போகச் சொல்லலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கேள்வி: பின்னலாடைத் தொழில் விஷயமாகப் போர்ட்டோ பக்கம் போகிறேன். வேலை முடிந்து மூன்று நாள் மிச்சம் இருக்கிறது. கார் எடுத்து டோரு முழுவதையும் சுற்றிவிடலாமா? (வாசகர், திருப்பூர்)

மூன்று நாளில் முழுவதையும் சுற்ற வேண்டாம். ரேகுவாவிலிருந்து பின்யாவரை தென்கரையை ஒட்டிப் போகும் 222-ஆம் எண் சாலை மிக அழகானது, அதை மட்டும் ஒரு நாள் ஓட்டுங்கள். வலப்பக்கம் ஓட்ட வேண்டிய நாடு. நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கையில் வைத்திருங்கள், அது ஓராண்டு செல்லும். மற்ற இரண்டு நாளும் காரை நிறுத்திவிட்டு நடங்கள். பின்யாவுக்கு மேலே கஸல் டி லோய்வுஷ் என்ற ஊரிலிருந்து ஆறு வளைந்து திரும்புவதைப் பார்க்கலாம்.

ஒயின் சுவைக்கிற எண்ணம் இருந்தால் அன்றைக்கு வண்டியைத் தொடாதீர்கள். ஒரு லிட்டர் ரத்தத்தில் அரை கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. போர்ட் ஒயின் சாதாரண ஒயினைவிட வீரியமானது, சுமார் 20 சதவீதம். சுவைத்துவிட்டுத் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், துப்புவது அங்கே மரியாதைக் குறைவு ஆகாது.

கேள்வி: விசா, விமானம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள். (வாசகர், உடுமலைப்பேட்டை)

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், இந்தப் பயணத்துக்கு அது போர்ச்சுகல். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரம் வரை வைத்துக்கொள்ளாதீர்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவை மையத்துக்குத் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோவையிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி விமானம் இல்லை. கொச்சியிலிருந்து வளைகுடா வழியாக லிஸ்பன் போவது நம் பக்கத்தவர்களுக்கு வசதி. லிஸ்பன் விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் மூன்றே நிறுத்தம் தள்ளி ஓரியென்ட் ரயில் நிலையம். அங்கிருந்து போர்ட்டோவுக்கு மூன்று மணி நேரம்.

கேள்வி: திராட்சை தவிர அந்தப் பக்கம் வேறு ஏதாவது உண்டா? நான் வரலாற்று ஆசிரியர். (வாசகர், பவானி)

உண்டு, அதற்காக இரண்டு இரவு ஒதுக்குங்கள். பொசின்யுவுக்குப் பக்கத்தில் கோஆ என்ற கிளையாறு டோருவில் கலக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் திறந்தவெளிப் பாறைகளில் கற்கால மனிதர்கள் குதிரையும் காட்டுமாடும் வரையாடும் செதுக்கியிருக்கிறார்கள். பழையவை 20,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை. 1990-களின் தொடக்கத்தில் அணை கட்டும் வேலை நடந்தபோதுதான் இவை வெளி உலகுக்குத் தெரியவந்தன. நீரில் மூழ்கவிடக் கூடாது என்று பெரிய போராட்டம் எழுந்தது, பள்ளி மாணவர்களும் அதில் இருந்தார்கள். அரசு அணையைக் கைவிட்டது. 1998-இல் இந்தப் பாறைச் சித்திரங்கள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. கட்டத் தொடங்கிய ஓர் அணையையே சித்திரங்களுக்காக ஒரு நாடு நிறுத்தியது என்பதை உங்கள் மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள்.

பெனஸ்கோசா என்ற இடத்தில் ஒரே உடலுக்கு மூன்று தலைகள் செதுக்கிய குதிரை இருக்கிறது. தலையைத் திருப்பும் அசைவைக் கல்லில் காட்ட முயன்றிருக்கிறார் அந்தக் கலைஞர். கோடுகள் மெல்லியவை, சாய்வான வெளிச்சத்தில்தான் எழும்பித் தெரியும். அதனால் பெனஸ்கோசாவுக்கு மதியத்துக்கு மேலும், கனாடா டு இன்ஃபெர்னு என்ற இடத்துக்குக் காலையிலும் அழைத்துப் போகிறார்கள். தனியாகப் போக அனுமதி இல்லை, வழிகாட்டியுடன் ஜீப்பில்தான். ஜீப்பில் இடம் குறைவு, ஆகவே தங்கும் வீட்டைப் பதிவு செய்யும் அன்றே இதையும் பதிவு செய்துவிடுங்கள்.